இழுப்பு இருக்கிற பிள்ளையின் தட்டு

கிருத்திகைக் காலை. திருத்தணி மலையடிவாரத்தில், 365 படிகள் தொடங்கும் இடத்துக்குச் சற்றுத் தள்ளியிருந்த டீக்கடை பெஞ்சில் ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தது. அம்மையார்குப்பம் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர், மனைவி, மாமியார், பத்து வயதுப் பையன், ஏழு வயதுப் பெண், மடியில் ஒரு கைக்குழந்தை. பெரியவர்களுக்கு டீ வந்தது. பையன் கையில் கடலை உருண்டை. பெண் கையில் மட்டும் ஒரு டம்ளர் வெந்நீர். அவள் அதைக் குடிக்கவில்லை. அண்ணன் உருண்டையைக் கடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பது வருடம் மருந்துக்கடைக் கவுன்டருக்குப் பின்னால் நின்றவன் நான். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பாப்பாவுக்கு மட்டும் ஏன்பா வெந்நீர்?"

"வீசிங்குண்ணா. எல்லாத்தையும் நிறுத்திட்டோம்."

எதையெல்லாம் என்று கேட்டேன். பால், தயிர், முட்டை, வாழைப்பழம், ஆரஞ்சு, திராட்சை, கடலை, கத்தரிக்காய், மீன் என்று மாமியார் விரல்விட்டு எண்ணினார். பள்ளிக்கூடத்துச் சத்துணவில் முட்டை வைக்க வேண்டாம் என்று டீச்சரிடமும் சொல்லிவிட்டார்களாம். கடைசியாக, நினைவு வந்தவராக, "அப்புறம் எறா" என்றார்.

"இதெல்லாம் நிறுத்தி எத்தனை நாள் ஆச்சும்மா?"

"ஒரு வருசம் ஆவுது."

"இழுப்பு நின்னுச்சா?"

"எங்கண்ணா?" என்றார் அப்பா. "போன மாசம்கூட ரெண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போய் புகை வச்சோம்."

பத்துப் பண்டங்கள் நின்றுவிட்டன. இழுப்பு நிற்கவில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு அவர்களோடு உட்கார்ந்தேன். அன்று பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். இந்தத் தட்டு பல வீடுகளில் இருக்கிறது.

எல்லை ஊர் என்பதால் இங்கே ஒரு நோய்க்கு இரண்டு மொழியில் பெயர் உண்டு. நாம் இழுப்பு, இளைப்பு என்போம். தெலுங்கு பேசும் வீடுகளில் ஆயாசம் என்பார்கள். தமிழில் ஆயாசம் என்றால் களைப்பு. தெலுங்கில் அது மூச்சு வாங்குவது. தோலில் வரும் கரப்பானுக்கும் உணவுக்கும் முடிச்சுப் போட்டு, ‘கரப்பான் பண்டம்’ என்று ஒரு பட்டியலே நம் பாட்டிகள் வைத்திருந்தார்கள். தோல், உணவு, மூச்சு மூன்றுக்கும் உறவு உண்டு என்பதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். அந்தக் கவனிப்பு சரிதான். எந்தப் பிள்ளைக்கு, எந்தப் பண்டம் என்று பிரித்துப் பார்ப்பதில்தான் தவறிவிடுகிறோம்.

ஒவ்வாமை எப்படி வேலை செய்கிறது என்று அந்த அப்பாவுக்குச் சொல்ல, பொன்பாடி சோதனைச் சாவடியை எடுத்துக்கொண்டேன். திருத்தணியிலிருந்து நகரி போகிறவர்கள் எல்லோரும் தாண்டும் இடம் அது. சாவடிக்காரர்கள் கையில், தேடப்படுகிறவனின் படம் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த முகத்தோடு யார் வந்தாலும் மடக்குவார்கள். படத்தில் இருப்பவன் உண்மையிலேயே திருடன் என்றால் நல்லது. ஒன்றும் அறியாத பால்காரனின் படத்தை யாரோ தவறாகக் கொடுத்துவிட்டால்? அவன் வரும்போதெல்லாம் விசில், தடியடி, சாலை மறிப்பு.

உடம்பில் அந்தப் படத்தின் பெயர் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்புரதம். குடல் புழுவுக்கு எழுப்ப வேண்டிய ஆயுதத்தை, சில பிள்ளைகளின் உடம்பு ஒரு முட்டைப் புரதத்துக்கோ இறால் புரதத்துக்கோ எழுப்பிவிடுகிறது. தோல், குடல், மூச்சுக்குழாய் மூன்றிலும் சாவடிகள் உண்டு. அங்கே நிற்கும் மாஸ்ட் செல்கள் இந்தப் படத்தைக் கையில் வைத்திருக்கின்றன. அந்தப் புரதம் வந்ததும் ஹிஸ்டமின் முதலான வேதிப்பொருட்களைக் கொட்டுகின்றன. தோலில் கொட்டினால் தடிப்பு. குடலில் கொட்டினால் வாந்தி, வயிற்றுவலி. மூச்சுக்குழாயில் கொட்டினால் குழாய் சுருங்கி, சளி சுரந்து, இழுப்பு.

இந்தப் படம் ரத்தத்தில்தான் சுற்றுகிறது என்பதை 1921-ல் ஜெர்மனியில் இரண்டு மருத்துவர்கள் தங்கள் உடம்பிலேயே காட்டினார்கள். கூஸ்ட்னருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. பிராஸ்னிட்ஸுக்கு மீனால் ஒன்றும் ஆகாது. கூஸ்ட்னரின் ரத்தத்திலிருந்து எடுத்த ஊனீரைப் பிராஸ்னிட்ஸ் தன் தோலுக்குள் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது அந்த இடம் மட்டும் தடித்துச் சிவந்தது. ஒருவருடைய ஒவ்வாமை இன்னொருவர் தோலுக்கு ரத்தத்தோடு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பொருள் எது என்று கண்டுபிடிக்க இன்னும் நாற்பத்தைந்து வருடம் ஆயிற்று. 1966-ல் இஷிசாகா தம்பதி அதை அடையாளம் கண்டார்கள். ஐ.ஜி.இ. என்ற பெயர் பிறகு வந்தது.

"அப்போ சாப்பிட்ட பொருளு நுரையீரலுக்கு எப்படிண்ணா போவுது?" என்றார் அப்பா.

இதே வழிதான். படம் ரத்தத்தில் எல்லாச் சாவடிக்கும் போகிறது. சாப்பிட்டதில் ஒரு துளி குடலைத் தாண்டி ரத்தத்தில் கலக்கிறது. அதனால் வாயில் போட்டது மார்பில் தெரியலாம். சமைக்கும்போது எழும் ஆவியிலும் அந்தப் புரதம் இருக்கும். இறால் வேகும் அடுப்பருகே நின்றாலே இழுக்கிற பிள்ளைகள் உண்டு.

இந்த நோய்கள் பெரும்பாலும் வரிசையாக வருகின்றன. கைக்குழந்தையில் கன்னத்திலும் முழங்கை மடிப்பிலும் கரப்பான். அதன் கூடவோ பின்னாலோ முட்டை, பால் போன்ற உணவு ஒவ்வாமை. பள்ளி வயதில் இழுப்பு. பிறகு தும்மலும் மூக்கடைப்பும். எல்லாப் பிள்ளைக்கும் நான்கும் வருவதில்லை. ஆனால் சிறு வயதில் உணவு ஒவ்வாமை இருந்த பிள்ளைக்குப் பின்னால் ஆஸ்துமா வரும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைவிட அதிகம். உணவு ஆஸ்துமாவை உண்டாக்குகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. இரண்டும் ஒரே வேரில் கிளைத்தவை.

இந்த இடத்தில் மாமியாரிடம் ஒன்று சொன்னேன், அவர் முகம் வாடாதபடி. அன்றாடம் வருகிற இழுப்புக்கு உணவு காரணமாக இருப்பது அரிது. சளிக் காய்ச்சல் வைரஸ், வீட்டுத் தூசி, தறிக்கூடத்துப் பஞ்சுத் துகள், கொசுவர்த்திப் புகை, பீடிப் புகை, பனிக்காற்று, ஓடி ஆடுவது ஆகியவைதான் பெரும்பாலும் தூண்டுகின்றன. தோலில் தடிப்பில்லை, உதடு வீங்கவில்லை, வாந்தியில்லை, இழுப்பு மட்டும் வருகிறது என்றால் சாப்பாட்டைச் சந்தேகிப்பதற்கு முன் இவற்றைத்தான் பார்க்க வேண்டும். வாழைப்பழமும் தயிரும் ‘சளி கட்டும்’ என்பது நம் பழக்கத்தில் ஊறிய சொல். ஆனால் அது ஒவ்வாமை இல்லை.

உண்மையான உணவு ஒவ்வாமை எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கிறது? ஐரோப்பாவோடு சேர்ந்து ரஷ்யா, சீனா, இந்தியாவில் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2020-ல் வந்தது. கேள்விப் பட்டியலையும் பரிசோதனையையும் பொருத்திப் பார்த்தபோது, இந்தியாவில் ஆய்வு நடந்த கர்நாடகப் பகுதியில் அது 0.14 சதவீதம், ஹாங்காங்கில் 1.5 சதவீதம். அதே ஆய்வுத் திட்டத்தில் பெரியவர்களைப் பார்த்தபோது இன்னொரு விஷயமும் தெரிந்தது. ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு ஐ.ஜி.இ. காட்டியவர்கள் 26.5 சதவீதம். அந்த உணவைச் சாப்பிட்டு உண்மையில் தொல்லைப்படுகிறவர்கள் என்று கருதக்கூடியவர்கள் 1.2 சதவீதம்தான்.

ஆய்வகங்கள் தரும் நீளமான பட்டியலைப் பார்த்துப் பயப்படுகிற பெற்றோர் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். சாவடியில் படம் இருக்கிறது என்பது ஒன்று. ஆளைப் பார்த்ததும் தடியடி நடக்கிறது என்பது வேறு. சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத உணவைப் பரிசோதனைத் தாளை மட்டும் நம்பி நிறுத்தக் கூடாது. ஒரே ரத்தத் துளியில் நூறு, இருநூறு உணவுக்கு ஐ.ஜி.ஜி. என்ற வேறோர் எதிர்ப்புரதத்தைப் பார்த்துத் தருகிறோம் என்று விற்கிற பரிசோதனை உணவு ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க உதவாது.

"அப்போ எதை வச்சுண்ணா கண்டுபிடிக்கிறது?"

நடந்ததை வைத்துத்தான். சாப்பிட்ட சில நிமிடங்களில், மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் வரும். அந்தப் பண்டம் வாயில் போனால் மறுபடியும் வரும். மூச்சோடு தோலோ வயிறோ சேர்ந்து பேசும். பட்டியலை ஒவ்வொன்றாகக் கேட்டேன். நிறுத்துவதற்கு முன் பால் குடித்து என்ன ஆயிற்று? ஒன்றுமில்லை. முட்டை? ஒன்றுமில்லை. கடலை? திருவிழாவுக்குத் திருவிழா தின்றிருக்கிறாள், ஒன்றுமில்லை. மீன்? யாரோ சொன்னார்கள் என்று நிறுத்தியது.

கத்தரிக்காய்?

"அது ஒத்துக்கலண்ணா. வாயெல்லாம் அரிச்சி, தடிப்பு தடிப்பா வந்துடுச்சி" என்றார் அம்மா.

"என்ன குழம்பும்மா அன்னிக்கு?"

மாமியார்தான் பதில் சொன்னார். "கத்திரிக்கா சென்னாகுனி போட்டு வச்சேன்."

சென்னாகுனி என்பது காய்ந்த கூனி இறால். "எறா சாப்பிட்டு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் இறால் வறுவல் சாப்பிட்டுப் பத்து நிமிடத்தில் உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, பிறகு இழுப்பு வந்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள். பத்துப் பண்டங்களில் ஒன்பதுக்குச் சாட்சியில்லை. ஒன்றுக்குத்தான் சாட்சி இருக்கிறது; அதைக் கடைசியில், போகிற போக்கில் சொல்கிறார்கள். குழம்பில் இறாலை ஒதுக்கிவிட்டுச் சாறு மட்டும் ஊற்றிக் கொடுப்பதும் நடந்திருக்கிறது.

பத்தியத்தில் எனக்குள்ள பெரிய வருத்தம் இதுதான். எல்லாவற்றையும் ஒரே மாதிரி பயந்தால், உண்மையில் பயப்பட வேண்டியது கூட்டத்தில் மறைந்துவிடுகிறது. வளர்கிற பிள்ளைக்குப் பாலும் முட்டையும் கடலையும் இல்லாமல் போகிறது. உயிருக்கு ஆபத்தான ஒன்று மட்டும் சாறாகத் தட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது.

இறாலில் ஒவ்வாமை தருகிற முக்கியப் புரதம் ட்ரோபோமயோசின். வேகவைத்தால் அழியாது, சாற்றில் இறங்கிவிடும். கிட்டத்தட்ட இதே புரதம் நண்டிலும், கரப்பான்பூச்சியிலும், தலையணையிலும் மெத்தையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசிப் பூச்சியிலும் இருக்கிறது. முகம் ஒன்றுபோல் இருப்பதால் ஒருவனுடைய படத்தை வைத்து இன்னொருவனையும் சாவடியில் மடக்குகிறார்கள். தூசியால் இழுக்கிற சில பிள்ளைகளுக்கு இறாலும் ஒத்துக்கொள்ளாமல் போவதற்கு இது ஒரு காரணம். மீனின் புரதம் வேறு. இறால் ஒத்துக்கொள்ளாது என்பதற்காக மீனும் ஆகாது என்று முடிவு கட்ட வேண்டியதில்லை.

இனி, இரண்டும் சேர்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றி. உணவு ஒவ்வாமை மட்டும் இருந்தால் பெரும்பாலும் தடிப்போடு போகும். ஆஸ்துமா மட்டும் இருந்தால் பெரும்பாலும் மருந்தில் அடங்கும். இரண்டும் ஒரே உடம்பில் இருந்தால், ஏற்கெனவே பதற்றத்தில் நிற்கிற மூச்சுக்குழாய்ச் சாவடியில் கலவரம் வெடிக்கிறது. 1992-ல் அமெரிக்காவில் சாம்சன் என்ற மருத்துவரும் உடன் இருந்தவர்களும், உணவு ஒவ்வாமையால் இறந்த ஆறு பேரையும் சாவின் விளிம்பு வரை போய்த் திரும்பிய ஏழு பேரையும் பற்றி எழுதினார்கள். 2 முதல் 17 வயதுவரை உள்ளவர்கள். பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேருக்கு ஆஸ்துமா இருந்தது. அதுவும் நன்றாகக் கட்டுப்பாட்டில் இருந்த ஆஸ்துமா. எல்லோருக்குமே எந்த உணவு ஆகாது என்று முன்பே தெரியும். தெரியாமல், மிட்டாயிலும் பிஸ்கட்டிலும் பேஸ்ட்ரியிலும் கலந்திருந்ததைச் சாப்பிட்டுவிட்டார்கள். பிழைத்த ஏழு பேரில் ஆறு பேருக்கு அரை மணிக்குள் அட்ரினலின் ஊசி கிடைத்தது. இறந்த ஆறு பேரில் முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது கிடைத்தவர்கள் இரண்டே பேர்.

இதைச் சொன்னபோது அம்மா பெண்ணைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார். பயமுறுத்தச் சொல்லவில்லை, என்ன செய்ய வேண்டும் என்பது அந்த எண்களிலேயே இருக்கிறது என்றேன்.

இறால் தெரியாமல் வாயில் போய், தடிப்போடு மூச்சோ குரலோ மாறினால், விடாமல் வாந்தி எடுத்தால், துவண்டு போனால், அட்ரினலின் ஊசிதான் மருந்து. தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவது. ஒரு மில்லியில் ஒரு மில்லிகிராம் இருக்கும் சின்ன ஆம்பூல். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அதில் 0.2 மில்லி போதும். வெளிநாட்டில் பேனா மாதிரி வைத்துக்கொள்கிறார்கள். இங்கே அது எளிதில் கிடைப்பதில்லை. ஆனால் ஆம்பூல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் மருந்துதான். 108-ஐ அழையுங்கள், அருகில் எது இருக்கிறதோ அங்கே ஓடுங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள். படுக்க வையுங்கள், மூச்சுத் திணறினால் சாய்த்து உட்கார வையுங்கள். இழுப்பை உடனே தளர்த்தும் நீல இன்ஹேலர் கையில் இருந்தால் வழியில் கொடுக்கலாம், ஊசிக்குப் பதிலாக அல்ல. செட்ரிசின் மாத்திரை அரிப்பை அடக்கும். அடைக்கிற தொண்டையைத் திறக்காது. சரியான பிறகும் சில மணி நேரம் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அடங்கியது மறுபடி கிளம்புவதுண்டு. இதையெல்லாம் மருத்துவரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஒன்றைப் பள்ளியிலும் ஒன்றைப் பையிலும் வையுங்கள்.

அடுத்தது, தினமும் எடுக்கும் தடுப்பு இன்ஹேலர். "அது பழகிப்போயிடும்னு நிறுத்திட்டோம்ணா" என்றார் அப்பா. இந்தியாவில் 1,27,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வு 2022-ல் வெளிவந்தது. இழுப்பு இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு அது ஆஸ்துமா என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. இழுப்பு இருந்தும், தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு இன்ஹேலரை எடுத்தவர்கள் 2.5 சதவீதம்கூட இல்லை. அவரிடம் ஒரு கணக்குச் சொன்னேன். தடுப்பு இன்ஹேலரில் ஒரு பஃப் 100 அல்லது 200 மைக்ரோகிராம். இழுப்பு முற்றினால் ஆஸ்பத்திரியில் தரும் ஸ்டீராய்டு மாத்திரை 5 மில்லிகிராம் என்றால் 5,000 மைக்ரோகிராம். அது உடம்பு முழுக்கப் போகிறது. ஸ்பேசர் என்ற குழாயை வைத்து உறிஞ்சும் மருந்து போக வேண்டிய இடத்துக்குக் கொஞ்சமாகப் போகிறது. அட்ரினலின் ஊசி என்றைக்காவது ஒரு நாள் தேவைப்படலாம். இன்ஹேலர் ஒவ்வொரு நாளும் மூச்சுக்குழாயை அமைதியாக வைத்திருக்கிறது.

"ஜூன்ல ஹைதராபாத் போய் மீன் மருந்து போட்டுனு வரலாம்னு சொல்றாங்க" என்றார் மாமியார். மிருகசிர கார்த்தியன்று உயிர் விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கக் கொடுப்பது அது. எலும்புக்குப் புத்தூர் கட்டு, இழுப்புக்கு மீன் மருந்து என்று இந்தப் பக்கத்து மனிதர்களுக்கு ஒரு நம்பிக்கை. அதில் அன்பு இருக்கிறது, ஆஸ்துமா தீரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. மீன் ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு அது ஆபத்து. எந்த நம்பிக்கைக்காகவும் இன்ஹேலரை நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

கைக்குழந்தையின் கன்னத்தில் சிவந்து வெடித்த கரப்பான் இருந்தது. கடலைப்பருப்பு மாவு போட்டுத்தான் குளிப்பாட்டுகிறார்களாம். அது வேர்க்கடலை இல்லை; ஆனாலும் உணவை வெடித்த தோலில் தேய்ப்பதுதான். 2003-ல் இங்கிலாந்தில் வந்த ஓர் ஆய்வில், வேர்க்கடலை எண்ணெய் கலந்த களிம்பைத் தடவிய குழந்தைகளிடம் கடலை ஒவ்வாமை அதிகம் தெரிந்தது. உணவு வாய் வழியாக முதலில் வந்தால் உடம்பு அதை விருந்தாளி என்று பழகுகிறது. வெடித்த தோல் வழியாக வந்தால் சுவரேறிக் குதித்த திருடன் என்று படம் எடுத்து வைக்கிறது. வெடித்த தோலில் மாவைத் தேய்க்காமல், மருத்துவர் தரும் களிம்பால் தோலை ஆற்றுங்கள் என்றேன்.

அதே இங்கிலாந்தில் கிடியன் லாக் குழுவினர் 2015-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த, 4 முதல் 11 மாதக் குழந்தைகள் 640 பேர். பாதிப் பேருக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு ஐந்து வயதுவரை நிறுத்தினார்கள். கொடுத்த பக்கம் கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 சதவீதம் குறைந்தது. பயந்து தள்ளிப்போட்டதே கெடுதலாகியிருந்தது. கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும். அரைத்துக் கூழில் கலந்து தர வேண்டும். முழுக் கடலை தொண்டையில் அடைக்கும், ஐந்து வயதுக்கு முன் வேண்டாம்.

அவர்கள் எழுந்தபோது, பெண்ணைப் படியேற்றாமல் வண்டிப் பாதையில் அழைத்துப் போகச் சொன்னேன். ஒரு வாரத்துக்குள் குழந்தைகள் மருத்துவரிடம் போய், இன்ஹேலரைத் திரும்பத் தொடங்கிவிட்டு, பாலையும் முட்டையையும் கடலையையும் அவர் சொல்லும் முறையில் ஒவ்வொன்றாகத் தட்டுக்குக் கொண்டுவரச் சொன்னேன். நெடுநாள் நிறுத்திய பண்டத்தை வீட்டில் தானாகத் தொடங்குவதைவிட அது நல்லது. இறாலும் நண்டும் சென்னாகுனியும், அவற்றின் சாறும் கரண்டியும்கூட, மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வேண்டாம். கடையில் வாங்கும் பாக்கெட்டில் ஒவ்வாமை தரும் பொருட்களைத் தனியே அச்சிட வேண்டும் என்பது 2020-ன் உணவுப் பாதுகாப்பு விதி. அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள் என்றேன்.

இதைப் படிக்கிறவர்களிடமும் அதையே கேட்கிறேன். இழுப்பு இருக்கிற பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு பண்டத்தை எடுக்கும் முன், அது எந்த நாளில், சாப்பிட்ட எத்தனை நிமிடத்தில், உடம்பில் எங்கே, என்ன செய்தது என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத முடிந்தால், அந்தத் தாளோடு மருத்துவரிடம் போங்கள். எழுத ஒன்றும் இல்லையென்றால், அந்தப் பண்டத்தைப் பிள்ளையிடம் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று அதே மருத்துவரிடம் கேளுங்கள்.